மதில்மேல் பூனை

என் இடது முன்கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை நோக்கி நான்கு வெள்ளைக் கோடுகள் ஓடுகின்றன. யாராவது கேட்டால், "பூனை பிராண்டிவிட்டது" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறேன். பிராண்டியது பூனைதான். ஆனால் ஏழு வருடங்களில் ஒரு முறைகூட என்மீது நகத்தை நீட்டாத பூனை அது. விளையாட்டில்கூட நகங்களை உள்ளே இழுத்துக்கொண்டு பஞ்சுப் பாதத்தால் மட்டும் தட்டுகிறவள். அவளை அந்த நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தியவள் நான். இரண்டு வருடமாக இதை மனதுக்குள் புரட்டிக்கொண்டிருக்கிறேன். எழுதினால் கொஞ்சம் அடங்கலாம்.

நாய்க்குட்டி வேண்டும் என்று என் மகள் மூன்று வருடம் கேட்டாள். ஒரு வழியாக நாங்கள் இறங்கிவந்ததும், ஏற்பாடுகளை நான் எடுத்துக்கொண்டேன். பட்டியல் போடுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. தரையில் தவழ்ந்து, நாய்க்குட்டியின் கண் உயரத்திலிருந்து வீட்டைப் பார்த்தேன். மின்கம்பிகளைச் சுருட்டிக் கட்டினேன், செருப்புகளை மேலேற்றினேன், மருந்துப் பெட்டியைப் பூட்டினேன், வாயில் போட்டால் ஆபத்தான செடிகளை வெளியே அனுப்பினேன். கூண்டு, மெத்தை, கழுத்துப்பட்டை, கடித்து விளையாட நாலைந்து பொம்மைகள் எல்லாம் வந்து சேர்ந்தன. கூண்டு வைக்கத் தோதாக நடைவழியில் ஒரு மூலை இருந்தது. அங்கே நின்ற, எங்கள் பூனை செல்லம்மாவின் பிராண்டுகம்பம் நைந்து, நார் தொங்கி, பார்க்கவே அசிங்கமாக இருந்தது. அதைத் தூக்கிப் பால்கனியில் போட்டேன். முந்தைய நாள் வீடு முழுவதும் கிருமிநாசினி விட்டுத் துடைத்து, சோபா உறைகளைத் துவைத்து, கதவு நிலைகளைக்கூட விடாமல் தேய்த்தேன். புதுக் குழந்தை வருகிற வீடு என்றால் சும்மாவா? அந்தப் பட்டியல் இன்னும் என்னிடம் இருக்கிறது. இரண்டு பக்கம். அதில் செல்லம்மாவுக்கென்று ஒரு வரி கிடையாது. அவள் ஏற்கனவே இருக்கிறவள்தானே என்று நினைத்திருப்பேன் போலிருக்கிறது.

பொட்டு வந்தான். எட்டு வாரக் குட்டி, நெற்றியில் வெள்ளைப் புள்ளி, நடக்கும்போது பின்பாதி ஒரு திசையிலும் முன்பாதி வேறு திசையிலும் போகும். நான் செல்லம்மாவை அள்ளி எடுத்து, மார்போடு அணைத்துக்கொண்டு அவன் முன்னால் போய் உட்கார்ந்தேன். "பார், உனக்குத் தம்பி வந்திருக்கிறான்." கணவர் கைபேசியைத் தயாராகப் பிடித்திருந்தார். பொட்டு சந்தோஷத்தில் கீச்சென்று குரைத்துக்கொண்டு என் மடியில் பாய்ந்தான். அடுத்த நொடி என் கையில் ரத்தம். செல்லம்மா அலமாரியின் உச்சியில் இருந்தாள். அந்தப் படம் இன்னமும் கணவரின் கைபேசியில் இருக்கிறது. ஒரு கறுப்புக் கீற்றும் என் திறந்த வாயும்தான் தெரிகின்றன.

காகிதத்தில் ஒரு வீடு

அதற்கடுத்த நாட்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பகல் முழுக்க அவள் அலமாரியை விட்டு இறங்கவில்லை. இரவில் எப்போதோ வந்து இரண்டு வாய் தின்றிருப்பாள். மூன்றாம் நாள் என் போர்வையில் சிறுநீர் கழித்தாள். "பழிவாங்குகிறாள்" என்றார் கணவர். நானும் அப்படித்தான் நினைத்தேன், கொஞ்சம் ரோஷமும் வந்தது. நான்காம் நாள் குளியலறையில் அவள் குந்தி உட்கார்ந்து முக்குவதைப் பார்த்தேன். சொட்டுச் சொட்டாக வந்தது, இளஞ்சிவப்பாக. ரோஷம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவளைக் கூடையில் வைத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினேன்.

சிறுநீரைப் பரிசோதித்ததில் கிருமி எதுவும் இல்லை. மன அழுத்தத்தில் பூனைகளின் சிறுநீர்ப்பை இப்படி அழன்றுபோவது உண்டு என்றார் மருத்துவர். பெண்பூனையாக இருப்பது அதிர்ஷ்டம். ஆண்பூனைக்குச் சிறுநீர்க்குழாய் குறுகலானது, அது அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து என்றும் சொன்னார். வலிக்கு மருந்து எழுதினார். அதோடு முடிந்தது என்று நான் எழுந்தபோது, மேசைமேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, "உங்கள் வீட்டை வரையுங்கள்" என்றார்.

வரைந்தேன். அறைகள், நடைவழி, சமையலறை. "பூனை இப்போது எங்கே இருக்கிறாள்?" அலமாரியைக் காட்டினேன். "அவள் ஒதுங்கும் மணல் தொட்டி எங்கே?" வீட்டின் பின்கோடியில், துணி துவைக்கும் இடத்தில். "நாய்க்கூண்டு?" நடைவழி மூலையில் ஒரு கட்டம் போட்டேன். "இங்கிருந்து அங்கே அவள் எந்த வழியாகப் போவாள், கோடு போடுங்கள்." பேனாவை அலமாரியிலிருந்து நகர்த்தினேன். நடைவழிக்குள் நுழைந்து, கூண்டை உரசிக்கொண்டு போனால்தான் மணல் தொட்டி. வேறு வழியே இல்லை. பேனா பாதியில் நின்றது. மருத்துவர் எதுவும் சொல்லாமல் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். நாலு நாட்களாக அவள் அடக்கிவைத்திருந்தது அந்தக் கோட்டில் இருந்தது.

பிறகு அவர் கேட்ட கேள்விதான் இன்றுவரை உறுத்துகிறது. "நாய்க்குட்டி வருவதற்கு முன்னால் வீட்டைச் சுத்தம் செய்தீர்களா?" ஆமாம், மூலை முடுக்கெல்லாம், என்று பெருமையாகவே சொன்னேன். "அவள் எழுதி வைத்திருந்ததை எல்லாம் அழித்துவிட்டீர்கள்" என்றார்.

பூனையின் கன்னத்திலும் தாடையிலும் நெற்றியிலும் பாதங்களிலும் வாசனைச் சுரப்பிகள் உண்டு. கதவு முனையில் கன்னத்தைத் தேய்ப்பதும், கம்பத்தைப் பிராண்டுவதும் தன் வாசனையைப் பூசி வைக்கிற வேலை. அந்த வாசனை இருக்கும்வரை அந்த இடம் பழகிய இடம். எங்கள் வீட்டுக் கதவு நிலைகளில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பழுப்பாக ஒரு கறை படியும். எத்தனை முறை தேய்த்தாலும் திரும்ப வந்துவிடும். ஏழு வருடமாக அதை அழுக்கு என்றே நினைத்து முணுமுணுத்துக்கொண்டு தேய்த்திருக்கிறேன். அது அவள் கையெழுத்து. ஒரே நாளில் கதவு நிலை, சோபா உறை, பிராண்டுகம்பம் என்று கையெழுத்துப் போட்ட இடங்களை எல்லாம் துடைத்துவிட்டு, எந்த அடையாளமும் இல்லாத அந்த வீட்டில், ஓட முடியாதபடி கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு நாயின் முன்னால் நீட்டியிருக்கிறேன். நான்கு கோடுகளோடு விட்டது அவள் பெருந்தன்மை. போர்வையில் போனதையும் பழிவாங்கல் என்று நான் இப்போது நினைப்பதில்லை. கூண்டைக் கடக்காமல் எட்டக்கூடிய, என் வாடை அடித்த ஒரே மெத்தான இடம் அதுதான்.

இரண்டு கடிகாரங்கள்

வீட்டுக்கு வந்த பிறகு நிறையப் படித்தேன். தாமதமாகப் படித்தேன் என்பதுதான் வருத்தம். நாய்க்குட்டிகளின் பழகும் பருவத்தைப் பற்றி அமெரிக்காவில் ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் என்ற இருவர் பல வருடங்கள் ஆராய்ந்து 1965-இல் வெளியிட்ட முடிவுகள் இன்றும் பேசப்படுகின்றன. ஏறக்குறைய மூன்றாவது வாரத்தில் திறக்கும் அந்த ஜன்னல் பன்னிரண்டு, பதினான்கு வாரங்களில் மெல்ல மூடிக்கொள்கிறது. அதற்குள் பார்த்ததெல்லாம் உலகத்தில் இருக்க வேண்டியவை. பார்க்காதவை அச்சத்துக்கு உரியவை. பூனைக்குட்டிக்கு இதே ஜன்னல் இன்னும் சீக்கிரம், இரண்டு வாரத்தில் தொடங்கி ஏழு வாரத்துக்குள், மூடிவிடுகிறது. பொட்டுவுக்கு ஜன்னல் பாதி திறந்திருந்தது. செல்லம்மாவுக்கோ அது மூடி ஏழு வருடம் ஆகிவிட்டது. அவள் குட்டியாக இருந்தபோது நாயைப் பார்த்தாளா என்றே எங்களுக்குத் தெரியாது.

ஆக, ஒரு வீட்டில் இரண்டு கடிகாரங்கள். ஒன்று அவசரப்படுத்துகிறது: இன்னும் சில வாரம்தான், அதற்குள் நாய்க்குட்டி பூனையோடு பழகியாக வேண்டும். மற்றது, எத்தனை வாரம் என்று கேட்கவே விடாது. நான் முதல் கடிகாரத்தைத்தான் கேட்டேன், அரைகுறையாக. சீக்கிரம் அறிமுகம் செய்துவிட வேண்டும் என்பது தெரிந்திருந்தது. ஆனால் "பழகுதல்" என்ற சொல்லை நான் மூக்கோடு மூக்கு உரசுவதாகப் புரிந்துகொண்டிருந்தேன். நாய்க்குட்டி கற்க வேண்டியது அதுவல்ல. பூனை என்று ஒன்று இருக்கிறது, அது நடமாடும், அதைப் பார்த்துவிட்டு என் வேலையைப் பார்க்கலாம், இவ்வளவுதான் பாடம். அதற்குத் தொடவே வேண்டாம். தூரத்திலிருந்து, சலனமில்லாமல், தினமும் ஐந்து நிமிடம் பார்த்தால் போதும். அவன் அவசரமும் தீரும், அவள் நிதானமும் கெடாது.

2008-இல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள், ஒரே வீட்டில் வாழும் நாய்களையும் பூனைகளையும் பற்றி ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பூனை முதலில் வந்து நாய் பிறகு வருவதும், இரண்டும் சிறுவயதில் சந்திப்பதும் நல்லது என்பது அதன் சாரம். பூனைக்கு ஆறு மாதம், நாய்க்கு ஒரு வருடம் என்று வயது எல்லையும் சொல்கிறார்கள். வரிசையும் பொட்டுவின் வயதும் எங்களுக்குச் சாதகம், செல்லம்மாவின் வயது பாதகம். எனக்கு அதில் ஆர்வமூட்டியது வேறு ஒன்று: பழகிவிட்ட நாயும் பூனையும் ஒன்றன் உடல்மொழியை மற்றது பெரும்பாலும் சரியாகவே படிக்கின்றனவாம். தமிழில் தீராப் பகைக்குக் கீரியும் பாம்பும், எலியும் பூனையும் என்கிறோம். அங்கே ஒன்று மற்றதைத் தின்கிறது. நாய்க்குட்டிக்கும் பூனைக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் மொழிச் சிக்கல். பொட்டு முன்னங்கால்களைப் பரப்பி, பின்புறத்தைத் தூக்கினால் "விளையாட வா" என்று பொருள். செல்லம்மாவுக்கு அது பாய்வதற்கு முன்னால் பதுங்கும் உடம்பு. அவன் வாலை ஆட்டினால் குஷி. அவள் வாலை அடித்தால் எரிச்சல். அவன் மல்லாந்து படுத்தால் சரணாகதி. அவள் மல்லாந்தால் நான்கு கால்களும் வாயும் ஆயத்தம்.

மறுநாள் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு, நாய்க்குட்டி இன்றுதான் வருகிறது என்பதுபோல் தொடங்கினோம். படுக்கையறை முழுக்கச் செல்லம்மாவுக்கு. அங்கேயே ஒரு மணல் தொட்டி, எதிர் மூலையில் சாப்பாடு, தண்ணீர். துணி துவைக்கும் இடத்தில் இருந்த பழைய தொட்டியும் அப்படியே இருக்கட்டும் என்றார் மருத்துவர். ஒரு பூனைக்கு இரண்டு தொட்டி அதிகமில்லை. பால்கனியிலிருந்து பிராண்டுகம்பம் சகல அசிங்கங்களோடும் திரும்பி வந்தது. நாய்க்கூண்டு கூடத்துக்குப் போனது. அவள் கன்னத்தில் தேய்த்த துணியை அவன் மெத்தைக்குப் பக்கத்திலும், அவன் படுத்த துணியை அவள் அறையின் வாசலோரமும் வைத்தோம். வாசலோரம் என்றால் அவள் படுக்கும் இடத்திலிருந்து எட்டவே. முகர வேண்டுமென்றால் அவளாக நடந்து வரட்டும். முதல் நாள் முகர்ந்துவிட்டுச் சீறினாள், துணியைப் பார்த்து. நான்காம் நாள் அதைச் சுற்றிக்கொண்டு போனாள். ஆறாம் நாள் அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். அன்று நான் யாரிடமும் சொல்லாமல் ஒரு காபி அதிகம் குடித்தேன்.

நாய்க்குட்டி ஒரு நாளில் பதினெட்டு மணி நேரம்வரை தூங்கும் என்பது எனக்குக் கிடைத்த பெரிய வரம். பொட்டு கூண்டில் உறங்கும் நேரமெல்லாம் செல்லம்மாவின் ரோந்து நேரம். அறைக் கதவைத் திறந்துவிடுவோம். அவள் வீட்டைச் சுற்றிவந்து, அழிந்த இடங்களில் எல்லாம் மறுபடி கன்னத்தைத் தேய்த்தாள். கதவு நிலைக் கறை இரண்டு வாரத்தில் திரும்ப வந்துவிட்டது. நான் துடைக்கும் துணியைத் தொடவில்லை.

மதில்

இரண்டாவது வாரத்தில் படுக்கையறை வாசலில் தடுப்புக் கதவு ஒன்றை மாட்டினோம்; தவழும் குழந்தைகளுக்காக விற்கும் கம்பிக் கதவு. பொட்டுவால் அதைத் தாண்ட முடியாது. செல்லம்மாவால் ஒரே எம்பில் முடியும். அதோடு அலமாரி, புத்தக அடுக்கு, ஜன்னல் விளிம்பு ஆகியவற்றைப் பலகைகளால் இணைத்து, தரையைத் தொடாமல் அறையைச் சுற்றிவர ஒரு பாதை செய்துகொடுத்தோம். முடிவெடுக்கத் தெரியாதவரை நாம் மதில்மேல் பூனை என்கிறோம். அந்தப் பலகைமேல் அவள் உட்கார்ந்திருந்ததை வாரக்கணக்கில் பார்த்த பிறகு அந்தப் பழமொழிமேல் எனக்கு மரியாதை குறைந்துவிட்டது. எந்தப் பக்கம் குதிப்பது என்று அவள் தத்தளிக்கவில்லை. குதிக்க வேண்டிய கட்டாயம் இல்லாத ஓர் இடத்தில் இருந்தாள், அவ்வளவுதான். மேலிருந்து அவள் அவனைப் படித்தாள். எப்போது தூங்குகிறான், எந்தச் சத்தத்துக்கு ஓடுகிறான், எவ்வளவு உயரம் எம்புகிறான். என் இரண்டு பக்கப் பட்டியலைவிட அவள் வைத்திருந்த குறிப்புகள் விரிவானவை என்று நினைக்கிறேன்.

பொட்டுவின் பக்கம் வேலை வேறு மாதிரி. வீட்டுக்குள்ளும் அவனுக்கு ஒரு மெல்லிய வார். பூனையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினால் ஒரு துண்டுத் தீனி. வெறித்துப் பார்த்தபடி உடம்பை விறைத்தால் பேசாமல் அங்கிருந்து நகர்த்திவிடுவேன். துரத்துவதற்கு மட்டும் வாய்ப்பே கொடுக்கக் கூடாது. ஓடுவதைத் துரத்துவதே நாய்க்குப் பரிசு. ஒரு தடவை ருசி கண்டால் பிறகு எந்தத் தீனியும் அதற்கு ஈடாகாது. ஒரு முறை வார் என் கையிலிருந்து நழுவி, அவன் அவளைச் சமையலறைவரை விரட்டிவிட்டான். அந்தப் பத்து விநாடிகள் எங்களுக்குப் பத்து நாட்களைத் தின்றன.

இதைவிடக் கடினம் செல்லம்மா சீறும்போது நான் வாயை மூடிக்கொண்டிருப்பது. "சீ, சின்னப்பிள்ளை, விடு" என்று நாக்கு நுனிவரை வந்துவிடும். சீறுவது சண்டையைத் தவிர்க்கிற வழி. அதைத் தடுத்தால் அடுத்தது நகம்தான், நாய்க்குட்டியின் உருண்டைக் கண்கள் அந்த நகத்துக்கு நேர் உயரத்தில் இருக்கும். அதனால் அவள் நகத்தின் நுனிகளை மட்டும் வெட்டிவிட்டு, சீறுவதை அவள் விருப்பத்துக்கு விட்டேன். பொட்டுவுக்கு "பொறு" என்ற சொல்லைக் கற்றுக்கொடுத்தது நானில்லை, அவள்தான்.

சில்லறை விஷயங்கள் சிலவற்றையும் சொல்லிவிட வேண்டும், சிலவற்றில் சில்லறை என்று விட முடியாத ஆபத்தும் இருக்கிறது. பூனையின் சாப்பாட்டைப் பலகைமேல் ஏற்றிவிடுங்கள். அதில் புரதமும் கொழுப்பும் அதிகம், நாய்க்குட்டி பாய்ந்து தின்று வயிறு கெடுத்துக்கொள்ளும். மறுபுறம், நாய்த்தீனியை மட்டும் தின்று பூனை வாழ முடியாது. டாரின் என்ற அமிலத்தைப் பூனையின் உடல் போதிய அளவு தயாரித்துக்கொள்வதில்லை. அது குறைந்தால் இதயத் தசை தளர்ந்து போகும் என்பது 1987-இலேயே கண்டறியப்பட்டது. மணல் தொட்டியை நாய் எட்டாத இடத்தில் வையுங்கள். நாய்க்குட்டிக்கு அது தின்பண்டக் கடை. காரணத்தை விளக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். தெள்ளுப்பூச்சிக்காக நாயின் பிடரியில் விடும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். பூனையின் கல்லீரலால் அதைச் சரியாகச் சிதைக்க முடியாது. மருந்து காயாத நாயை உரசினாலே நடுக்கமும் வலிப்பும் வரலாம். தடுப்பூசியை நாய்க்குட்டிக்கு மட்டும் கணக்கு வைக்காதீர்கள். 1970-களின் கடைசியில் உலகமெங்கும் நாய்களைத் தாக்கிய பார்வோ வைரஸ், பூனைகளுக்கு வரும் கொடிய தொற்றான பான்லூகோபீனியாவின் வைரஸுக்கு நெருங்கிய உறவு. இன்று பரவிவரும் அதன் வகைகள் பூனையையும் தொற்றும். பூனை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் "கோபம், தானாகச் சரியாகும்" என்று காத்திருக்க வேண்டாம். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால், அதுவும் குண்டுப் பூனையாக இருந்தால், கல்லீரலில் கொழுப்பு அடைத்துக்கொள்ளும். நான் நான்காம் நாள்தான் மருத்துவரிடம் போனேன்.

"இப்போது இரண்டும் நண்பர்களா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். நாயும் பூனையும் கட்டிக்கொண்டு தூங்கும் படத்தை எதிர்பார்த்துக் கேட்கும் கேள்வி அது. என் முதல் நாள் தவறுக்கும் அந்தப் படம்தான் காரணம். எங்கள் வீட்டில் அப்படி ஒரு படம் இல்லை, வராது என்றும் தோன்றுகிறது. அவன் கூடத்தில் படுத்திருக்கும்போது அவள் வாலைச் செங்குத்தாக நிறுத்திக்கொண்டு, அவனிடமிருந்து இரண்டு முழத் தூரத்தில் கடந்து போவாள். அவன் தலையைத் தூக்குவான், பார்ப்பான், திரும்பத் தலையைக் கீழே வைப்பான். இதைப் பார்க்க ஐந்து மாதம் ஆயிற்று. நோயுற்ற அல்லது மிகவும் வயதான பூனை இருக்கும் வீட்டிலிருந்து யாராவது யோசனை கேட்டால், "இப்போது வேண்டாமே" என்றுதான் சொல்கிறேன். அவர்களுக்கு அது பிடிப்பதில்லை.

போன மாதம் படுக்கையறைக்கு வண்ணம் பூசத் தடுப்புக் கதவைக் கழற்ற வேண்டியிருந்தது. பொட்டு வளர்ந்த பிறகு அதைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி மாட்டியிருந்தோம், செல்லம்மா எம்பிக் குதிக்காமல் அடியில் நுழைந்து போகட்டும் என்று. ஒன்பது வயதில் அவளுக்கு முட்டி வலிக்குமோ என்று எனக்கு ஒரு கவலை. கதவு இல்லாத வாசலுக்குப் பொட்டு பந்தைக் கவ்விக்கொண்டு ஓடிவந்தான். கதவு இருந்த இடத்துக்கு முன்னால் நின்றான், உட்கார்ந்தான், பந்தைக் கீழே வைத்தான். உள்ளே இருந்து செல்லம்மா வந்தாள். வாசலில் ஒரு கணம் நின்று, முதுகைத் தாழ்த்தி, இல்லாத கதவுக்கு அடியில் குனிந்து நுழைந்து, பந்தைச் சுற்றிக்கொண்டு சமையலறைப் பக்கம் போனாள். வண்ணம் காய்ந்ததும் கதவைத் திரும்ப மாட்டிவிட்டோம்.